செத்துட்டதா சொன்ன கிளப் சனிக்கிழமை ஆடிட்டிருக்கு

1916ல மெல்பர்ன்ல ஒரு ஃபுட்டி (ஆஸ்திரேலியாக்காரங்க ஃபுட்பால்) டீம் லீக் டேபிள்ல கடைசி இடத்துல முடிச்சுது, அதே வருஷம் கப்பையும் தூக்கிட்டு போச்சு. கதை விடல, ரெக்கார்டுல இருக்கு. முதல் உலகப்போர் நடந்துட்டிருந்த நேரம், பாதிக்கு மேல கிளப்புங்க இந்த வருஷம் ஆடல சாமின்னு ஒதுங்கிட்டாங்க, மிச்சம் நின்னது கார்ல்டன், காலிங்வுட், ரிச்மண்ட், ஃபிட்ஸ்ராய்னு நாலே நாலு. ஃபைனல்ஸுக்கு நாலு டீம் போகணும்னு ரூல், இருக்கறதே நாலு, அதனால எல்லாரும் பாஸ். 12 மேட்ச்ல 2 ஜெயிச்சு, 1 டிரா பண்ணி, 9 தோத்து அடியில கிடந்த ஃபிட்ஸ்ராய், ஃபைனல்ஸ் ஆரம்பிச்சதும் எங்கேர்ந்து வந்துச்சோ அந்த ஆவேசம், கிராண்ட் ஃபைனல்ல கார்ல்டனை தோக்கடிச்சுட்டாங்க. லீக்ல கடைசியா வந்த அவமானமும் கப் ஜெயிச்ச பெருமையும் ஒரே வருஷத்துல ஒரே கிளப்புக்கு.

மெல்பர்ன்ல வந்து இறங்கினா முதல் வாரமே யாராவது ஒருத்தர் நீ எந்த டீமுன்னு கேட்டுடுவாங்க. மதம், ஜாதி, ஊரு எதையும் நேரா கேக்க மாட்டாங்க, ஆனா இதை மட்டும் கூச்சமே இல்லாம கேப்பாங்க. எனக்கு அப்ப ஃபுட்டின்னா என்னன்னே தெரியாது. எங்க ஆபீஸ்ல ரிடையர் ஆகற வயசுல ஒரு பெரியவர் இருந்தார், அவர்கிட்ட நீங்க எந்த டீமுன்னு திருப்பிக் கேட்டேன். "என் டீம் 1996ல செத்துடுச்சு, ஆனா இந்த சனிக்கிழமை அவங்களுக்கு மேட்ச் இருக்கு, வர்றியா"ன்னார். மனுஷன் விளையாடறார்னு நெனச்சேன். அதுக்கப்புறம் தோண்டித் தோண்டி படிச்சதுல தெரிஞ்சுக்கிட்டதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு உக்காருங்க.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால், இங்க எல்லாருக்கும் ஃபுட்டி. முட்டை வடிவ பந்து, முட்டை வடிவ மைதானம் (பெரும்பாலும் கிரிக்கெட் கிரவுண்டுதான், குளிர்காலத்துல சும்மா கிடக்குதேன்னு), ஒரு பக்கத்துக்கு 18 பேர், ஒவ்வொரு முனையிலயும் நாலு கம்பம். நடு ரெண்டு கம்பத்துக்கு நடுவுல உதைச்சா 6 பாயிண்ட், ஓரமா போனா 1. ஆஃப்சைடு கிடையாது. பந்தை தூக்கி எறியக்கூடாது, உதைக்கலாம் இல்லன்னா ஒரு கையில வெச்சு இன்னொரு கை முஷ்டியால குத்தலாம். உதைச்ச பந்து 15 மீட்டர் தாண்டி வந்து, தரையில படாம புடிச்சுட்டா, நின்னு நிதானமா உதைக்க உரிமை. அதுக்காக முன்னாடி இருக்கறவன் தோள் மேல முட்டி வெச்சு ஏறி புடிக்கறாங்க பாருங்க, அதை முதல் தடவை பாத்தப்ப இது ஃபவுல் இல்லையான்னு கத்திட்டேன், சுத்தி இருந்தவங்க கை தட்டிட்டிருந்தாங்க. இதோட ரூல்ஸை 1859லயே மெல்பர்ன்ல எழுதி வெச்சுட்டாங்க.

சரி, ஃபிட்ஸ்ராய். மெல்பர்ன் சிட்டிக்கு வடகிழக்குல ஒட்டினாப்ல இருக்கற சின்ன புறநகர். இன்னிக்கு அங்க ஒரு ரெண்டு பெட்ரூம் வீட்டோட விலையை கேட்டா நமக்கு ஜுரம் வந்துடும், ஆனா ஒரு காலத்துல அது ஃபேக்டரியும் சாராயக்கடையும் நெருக்கியடிச்ச வீடுங்களுமா இருந்த ஏழைங்க பேட்டை. 1883ல அங்க ஒரு கிளப் ஆரம்பிச்சாங்க. எடின்பரோ கார்டன்ஸ்னு ஒரு பெரிய பார்க், அதோட ஒரு மூலையில பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட் ஓவல், அதுதான் சொந்த மைதானம். 1888ல கட்டின மர கிராண்ட்ஸ்டாண்ட் இன்னும் அங்க நிக்குது, போனீங்கன்னா அவசியம் படியேறி உக்காந்து பாருங்க.

1897ல எட்டு கிளப் சேந்து விஎஃப்எல்னு புது லீக் ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு ஏஎஃப்எல்னு கோடிக்கணக்குல புழங்கற லீக்கோட ஆரம்பம் அதுதான், அந்த எட்டுல ஃபிட்ஸ்ராயும் ஒண்ணு. முதல் ஒம்பது சீசன்ல நாலு கப்: 1898, 1899, 1904, 1905. அப்புறம் 1913, மேல சொன்ன 1916, 1922, 1944. மொத்தம் எட்டு. 1944க்கு அப்புறம் அந்த லீக்ல ஒரு கிராண்ட் ஃபைனல் கூட ஆடல. இந்த ஒரு வரிய மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வர்ற எல்லா துக்கத்துக்கும் இதுதான் வேர்.

இங்க காசு மேட்டரை சொல்லியாகணும், ஏன்னா எனக்கு இந்த கிளப் கதையில காசுதான் பெரிய கேரக்டரா தெரியுது. ஆரம்பத்துல பிளேயருக்கு காசு குடுக்கறது ரூல்படி தப்பு, ஆனா மேசைக்கு அடியில எல்லாரும் குடுத்துட்டுத்தான் இருந்தாங்க. 1911ல சரி போகட்டும், குடுக்கலாம்னு லீக் ஒத்துக்கிச்சு. இதுல அடிபட்டது யாருன்னா யுனிவர்சிட்டி டீம். ஆமா, மெல்பர்ன் யுனிவர்சிட்டி பசங்க ஒரு டீமா 1908லேர்ந்து அதே பெரிய லீக்ல ஆடிட்டிருந்தாங்க, மெடிக்கல் ஸ்டூடண்ட், வக்கீலுக்கு படிக்கறவன் இந்த மாதிரி. நாங்க காசுக்கு ஆட மாட்டோம்னு கொள்கை. மத்தவங்கெல்லாம் சம்பளம் குடுத்து ஆள் சேக்க ஆரம்பிச்சதும் இவங்க கதை முடிஞ்சுது, கடைசி 51 மேட்ச் வரிசையா தோல்வி, 1914 சீசனோட லீக்கை விட்டே கிளம்பிட்டாங்க. அவங்கள்ல நிறைய பேர் அப்படியே போருக்கும் போனாங்க, பல பேர் திரும்பி வரல. அமெச்சூர் பசங்களால புரொஃபஷனல் லீக்ல தாக்குப்புடிக்க முடியலங்கறது அப்பவே நிரூபணம் ஆயிடுச்சு. இந்த யுனிவர்சிட்டி வழி வந்த ஒரு டீம்தான் 90 வருஷத்துக்கும் மேல கழிச்சு ஃபிட்ஸ்ராயை கரை சேக்கப்போகுது, அதுக்கு பின்னாடி வர்றேன்.

1930ல இன்னொரு காமெடி. உலகமே பொருளாதார மந்தத்துல மாட்டிட்டிருந்த நேரம், கிளப்புங்க போட்டி போட்டு காசை இறைக்கக்கூடாதுன்னு கூல்ட்டர் சட்டம்னு ஒண்ணு வந்துது, ஒரு மேட்சுக்கு அதிகபட்சம் 3 பவுண்டு, அதுக்கு மேல ஒரு பைசா கூடாது. ஆல்பரிங்கற ஊர்லேர்ந்து ஹேடன் பன்டன்னு ஒரு பையன், அழகன், அசாத்திய ஆட்டக்காரன், எல்லா கிளப்பும் வலை வீசுது. ஃபிட்ஸ்ராய் ரகசியமா 222 பவுண்டு தர்றதா பேசி முடிச்சுட்டாங்க, அதாவது 74 மேட்ச் சம்பளம். விஷயம் வெளிய வந்துது, லீக் பன்டனை 1930 சீசன் பூரா ஆட விடல. 1931ல இறங்கினார், அந்த வருஷமே பிரவுன்லோ மெடல். லீக்லயே சிறந்த, அதே சமயம் நேர்மையா ஆடற ஆளுக்கு அம்பயர்கள் ஓட்டு போட்டு குடுக்கற மெடல் அது! 1932லயும் அவருக்கே, 1935ல மறுபடியும். நடுவுல 1933ல ஸ்மால்ஹார்ன், 1936ல டின்னி ரயன்னு அதே கிளப்காரங்க. ஆறு வருஷத்துல அஞ்சு பிரவுன்லோ ஒரே கிளப்புக்கு, ஆனா அந்த காலம் பூரா கப் பூஜ்யம். தனித்தனியா தங்கம், டீமா தகரம்.

பன்டன் பத்தி எனக்கு மெடலை விட புடிச்ச விஷயம் வேற. டக் நிக்கோல்ஸ்னு ஒரு பழங்குடி ஆட்டக்காரர், யோர்ட்டா யோர்ட்டா இனம், 5 அடி 2 அங்குலம்தான் உயரம், ஓட ஆரம்பிச்சா யாராலயும் புடிக்க முடியாது. 1927ல கார்ல்டன் கிளப்புல சேர முயற்சி பண்ணினார், அங்க மசாஜ் பண்றவர் இவர் உடம்பை தொட மாட்டேன்னுட்டார். நாத்தம் அடிக்குதுன்னு சாக்கு. தீண்டாமைங்கறது நம்ம ஊர் சரக்கு மட்டும்னு நெனச்சிட்டிருந்தவனுக்கு இதை படிச்சப்ப வயிறு கலங்குச்சு. நார்த்கோட் கிளப்புக்கு போய் 1929ல கப் ஜெயிச்சு குடுத்துட்டு, 1932ல ஃபிட்ஸ்ராய்க்கு வந்தார். முதல் நாள் டிரெஸ்ஸிங் ரூம்ல ஒரு மூலையில தனியா உக்காந்து துணி மாத்திட்டிருந்தாராம், டீமோட பெரிய ஸ்டார் பன்டன் எழுந்து போய் அவர் பக்கத்துல தன்னோட பையை வெச்சு உக்காந்தாராம். அதுக்கப்புறம் யாரும் எதுவும் பேசல. நிக்கோல்ஸ் 54 மேட்ச் ஆடினார், அப்புறம் பாதிரியார் ஆனார், ஃபிட்ஸ்ராய்லயே பழங்குடி மக்களுக்கு சர்ச் நடத்தினார், 1972ல சர் பட்டம், 1976ல தெற்கு ஆஸ்திரேலியாவோட கவர்னர். இன்னிக்கு ஏஎஃப்எல்ல வருஷா வருஷம் பழங்குடியினர் ரவுண்டுன்னு ஒண்ணு ஆடறாங்களே, அதுக்கு அவர் பேருதான்.

1944 கப் ஜங்ஷன் ஓவல்ல நடந்துது, ஏன்னா எம்சிஜி (மெல்பர்ன் கிரிக்கெட் கிரவுண்டு) அப்ப ராணுவத்துக்கிட்ட இருந்துது. ஃபிரெட் ஹியூசன் கேப்டனும் அவரே கோச்சும் அவரே, ரிச்மண்டை 15 பாயிண்ட்ல அடிச்சாங்க. அவ்ளோதான், அதோட மலை ஏறிடுச்சு.

அதுக்கப்புறம் சறுக்கல்தான். போருக்கு அப்புறம் பழைய குடும்பங்க வெளிப்புறநகருக்கு நகர்ந்துது, அந்த வீடுங்கள்ல இத்தாலியிலேர்ந்தும் கிரீஸ்லேர்ந்தும் வந்தவங்க குடியேறினாங்க, அவங்கள்ல பல பேருக்கு ஞாயித்துக்கிழமை வட்டப் பந்து சாக்கர்தான் உயிர். ஊரே சின்னது, மெம்பர் கம்மி, காசு கம்மி. 1963ல மொத்த சீசன்ல ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சாங்க. அந்த ஒண்ணு யாரைன்னு பாருங்க, ஜீலாங், அந்த வருஷம் கப் ஜெயிச்ச டீம்! அதுவும் கேப்டன் கோச் கெவின் மர்ரே மாநில டீமுக்கு ஆடப் போயிருந்தப்ப, அவர் இல்லாம. அடுத்த வருஷம் 1964ல அந்த ஒண்ணும் இல்ல, 18க்கு 18 தோல்வி. இந்த மர்ரே ஒரு தனி பிறவி, முதுகு வலிக்கு பெல்ட்டு கட்டிக்கிட்டு 333 மேட்ச் ஃபிட்ஸ்ராய்க்கு ஆடினவர், 1969ல பிரவுன்லோ. ஃபிட்ஸ்ராய்க்காக ஒரு கிராண்ட் ஃபைனல் கூட ஆடினதில்ல. ஆபீஸ் பெரியவர் சின்ன வயசுல நம்பர் 2 போட்ட ஜெர்சிய அம்மாகிட்ட அழுது புரண்டு வாங்கினாராம், அது மர்ரேயோட நம்பர்.

1966தான் என்னை கேட்டா உண்மையான திருப்பம். எல்லாரும் 1996ன்னு சொல்வாங்க, நான் 1966ன்னு சொல்வேன். மைதானத்தோட லீஸ் விஷயமா கவுன்சிலும் கிரிக்கெட் கிளப்பும் ஃபுட்டி கிளப்பும் இழுபறி, கடைசியில ஃபிட்ஸ்ராய் பெட்டிய கட்டிட்டு சொந்த மைதானத்தை விட்டே கிளம்பிடுச்சு. 1967ல பிரின்சஸ் பார்க், அதாவது கார்ல்டன் வீடு. 1970ல ஜங்ஷன் ஓவல், ஊருக்கு தெக்கால, ஃபிட்ஸ்ராய்லேர்ந்து ஆத்தை தாண்டி போகணும். 1985ல விக்டோரியா பார்க், பரம எதிரி காலிங்வுட் இடம். 1987ல திரும்ப பிரின்சஸ் பார்க். 1994ல ஃபுட்ஸ்க்ரே பக்கம் வெஸ்டர்ன் ஓவல். 30 வருஷம் வாடகை வீட்டுலயே காலம் தள்ளின குடும்பம் மாதிரி ஆயிடுச்சு, டிக்கெட் காசுலயும் பீர் காசுலயும் பாதி வீட்டுக்காரனுக்கு. ஊர் பேரை மட்டும் சுமந்துட்டு ஊர்லயே ஆடாத கிளப்புக்கு புது ரசிகன் எங்கேர்ந்து வருவான்?

இத்தனைக்கும் 80கள்ல டீம் நல்லாவே இருந்துது. 1979ல மெல்பர்ன் கிளப்பை 190 பாயிண்ட் வித்தியாசத்துல நசுக்கினாங்க, 238க்கு 48, இன்னிக்கு வரைக்கும் லீக்ல அதுக்கு மேல வித்தியாசம் கிடையாது. பெர்னி குயின்லன் 1983ல ஒரே சீசன்ல 116 கோல். 1986ல எலிமினேஷன் ஃபைனல்ல மிக் கான்லன் கடைசி நேரத்துல அடிச்ச கோலால எசன்டனை ஒரே ஒரு பாயிண்ட்ல வெளிய தள்ளினாங்க. ஆனா அதே 1986ல கிளப்பை பிரிஸ்பனுக்கு மாத்திடலாமான்னு பேச்சு ஓடிட்டிருந்துது. ஆட்டத்துல ஜெயிக்கறதும் பேங்குல ஜெயிக்கறதும் வேற வேற.

1989ல ஃபுட்ஸ்க்ரேவோட சேத்து ஃபிட்ஸ்ராய் புல்டாக்ஸ்னு ஒரே கிளப் ஆக்கறோம்னு அறிவிப்பே வந்துடுச்சு. ஃபுட்ஸ்க்ரே ஜனங்க விடல, டப்பாவை குலுக்கி தெருத்தெருவா காசு சேத்து சில வாரத்துலயே தங்களோட கிளப்பை மீட்டுட்டாங்க. ஃபிட்ஸ்ராய்க்கு இது லாபமா நஷ்டமான்னு அப்ப யாருக்கும் புரியல. அவங்களுக்கு தனியா நிக்க காசு தேவைப்பட்டுச்சு, கடன் குடுத்தது யாருன்னு யூகிங்க பாக்கலாம். நவ்ரு. பசிபிக் கடல்ல ஒரு பொட்டு மாதிரி இருக்கற தீவு, பாஸ்பேட் வெட்டி வித்து ஒரு காலத்துல தலைக்கு தலை உலகப் பணக்காரங்களா இருந்தவங்க, மெல்பர்ன் நடுவுல 52 மாடி கட்டடமே கட்டி வெச்சிருந்தாங்க. அந்த தீவோட தேசிய விளையாட்டும் இதே ஃபுட்டிதான், அந்த பாசம் வேற. நவ்ரு இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன் கடன் குடுத்துது, பாஸ்பேட்டும் தீந்துது, பாசமும் தீந்துது, 1996 ஜூன்ல பாக்கி 1.25 மில்லியன் டாலரை எடுத்து வைன்னு, கடன்ல மாட்டின கம்பெனிய கையில எடுத்து நடத்தற அட்மினிஸ்ட்ரேட்டரை உள்ள விட்டுட்டாங்க. இன்னிக்கு ஏஎஃப்எல்ல ஒரு டாப் பிளேயரோட ஒரு வருஷ சம்பளம் அது.

நார்த் மெல்பர்னோட சேர்றதுக்கு ஃபிட்ஸ்ராய் ரெடியா இருந்துது, பேச்செல்லாம் முடிஞ்சுது. மத்த கிளப்புங்க ஒத்துக்கல. நார்த் ஏற்கனவே பலமான டீம் (அந்த வருஷ கப்பே அவங்கதான் ஜெயிச்சாங்க), இன்னும் ஆள் சேந்தா நாம காலின்னு பயம். அதனால 1996 ஜூலை 4ல பிரிஸ்பன் பேர்ஸோட இணைப்புன்னு முடிவாச்சு, பேரு பிரிஸ்பன் லயன்ஸ். ஃபிட்ஸ்ராயோட சின்னமான சிங்கமும் பாட்டு மெட்டும் பிரிஸ்பனுக்கு போச்சு, அந்த மெட்டு ஃபிரெஞ்சு தேசிய கீத மெட்டு, ஃபிட்ஸ்ராய் கிளப் பாட்டுக்கு அதைத்தான் வெச்சிருந்தாங்க. பிளேயர்ல எட்டு பேரு. அவ்ளோதான்.

சீசன் இன்னும் பாக்கி இருந்துதே, அதான் கொடுமை. பொணத்தை வெச்சுக்கிட்டு ரெண்டு மாசம் மேட்ச் ஆடணும். அந்த வருஷம் பூரா ஒரே வெற்றி. ஆகஸ்ட் 25, எம்சிஜில ரிச்மண்டோட மெல்பர்ன்ல கடைசி மேட்ச், 48,884 பேர் வந்தாங்க, 151 பாயிண்ட்ல தோல்வி. இந்தக் கூட்டத்துல பாதி ஒவ்வொரு வாரமும் வந்திருந்தா கடையை மூட வேண்டிய அவசியமே வந்திருக்காதுன்னு பெரியவர் இன்னிக்கும் பொருமுவார், அதே மூச்சுல நானும் ஒழுங்கா போகலன்னு ஒத்துக்குவார். செப்டம்பர் 1, பெர்த்ல ஃப்ரிமான்டிலோட 86 பாயிண்ட்ல தோத்து, 100 சீசன் ஆடின லீக்லேர்ந்து வெளிய வந்தாச்சு.

பொதுவா இந்தக் கதையை இங்கயே நிறுத்திடுவாங்க. சோகப் படம் போட்டு முடிச்சுடுவாங்க. ஆனா பிரிஸ்பனுக்கு போனது டீமோட ஏஎஃப்எல் பங்குதான், கிளப்புங்கற கம்பெனி போகல. அதுக்கு ஷேர்ஹோல்டர் இருந்தாங்க, மெம்பர் இருந்தாங்க, பேரு இருந்துது. கடனை அடைச்சு முடிச்சு 1998ல அட்மினிஸ்ட்ரேஷன்லேர்ந்து வெளிய வந்துடுச்சு. டீம் இல்ல, மைதானம் இல்ல, ஆனா கிளப் இருக்கு, மீட்டிங் போடறாங்க, மினிட்ஸ் எழுதறாங்க. கொஞ்ச நாள் கோபர்க் கிளப்போட பேரை ஒட்டிக்கிட்டு பாத்தாங்க, செட் ஆகல.

அப்பதான் பழைய யுனிவர்சிட்டி வாசனை திரும்ப வருது. யுனிவர்சிட்டி ரெட்ஸ்னு ஆரம்பிச்ச ஒரு அமெச்சூர் கிளப், ஆடற இடம் எது? அதே பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட் ஓவல். அவங்ககிட்ட ஆட்டக்காரங்க இருக்காங்க, மைதானம் இருக்கு, ஊருக்குள்ள அடையாளம் கம்மி. இவங்ககிட்ட 125 வருஷ பேரு இருக்கு, உதைக்க ஒரு கால் கூட இல்ல. 2008 கடைசியில ரெண்டும் ஒண்ணாச்சு, 2009 சீசன்லேர்ந்து ஃபிட்ஸ்ராய் ஃபுட்பால் கிளப்புங்கற பேருல, சிவப்பு நீல ஜெர்சியில, 1966ல விட்டுட்டு போன அதே மைதானத்துல ஆட்டம் ஆரம்பம். காசுக்கு ஆட மாட்டோம்னு பெரிய லீக்ல அடிவாங்கி வெளியேறினவங்க பரம்பரைதான், காசில்லாம வெளியேத்தப்பட்டவங்களுக்கு கால் குடுத்துது. எழுதி வெச்ச சினிமா திரைக்கதைன்னா நம்ப மாட்டோம்.

ஆடற லீக் விக்டோரியன் அமெச்சூர் ஃபுட்பால் அசோசியேஷன், எல்லாரும் வாஃபான்னு சொல்றாங்க. 1892ல வேற பேருல ஆரம்பிச்சது, ஏஎஃப்எல்லோட அம்மா லீக்கை விட அஞ்சு வயசு மூப்பு. பிளேயருக்கு காசு குடுக்கக்கூடாதுங்கறதுதான் அடிப்படை. இது சும்மா பேச்சுக்கு இல்ல, ஏன்னா பக்கத்துல இருக்கற மத்த உள்ளூர் லீக்ல, கிராமத்து லீக்ல எல்லாம் ஒரு நல்ல ஃபார்வர்டுக்கு மேட்சுக்கு நூத்துக்கணக்குல டாலர் குடுக்கறாங்க. இங்க உல்டா, ஆடறவன்தான் சீசன் ஆரம்பத்துல கிளப்புக்கு ஃபீஸ் கட்டணும். நிறைய கிளப்புங்க பழைய பிரைவேட் ஸ்கூல் மாணவர்களோடது, ஓல்ட் சேவியரியன்ஸ், ஓல்ட் மெல்பர்னியன்ஸ் இந்த மாதிரி, வக்கீலும் டாக்டரும் ஃபைனான்ஸ் ஆளுங்களும். ஃபேக்டரி தொழிலாளி கிளப்பா பொறந்த ஃபிட்ஸ்ராய் அவங்களோட போய் மோதறது பாக்க ஒரு மாதிரி வேடிக்கையாத்தான் இருக்கு, ஆனா இன்னிக்கு ஃபிட்ஸ்ராய்லயும் ஃபேக்டரி தொழிலாளி யாரு இருக்கான்? கிராஃபிக் டிசைனரும் பிஎச்டி ஸ்டூடண்டும்தான். ஏழைங்க மிச்சம் இருக்கறது அந்த 20 மாடி அரசாங்க ஃபிளாட்ல, அங்க இருக்கற ஆப்பிரிக்க, வியட்நாம் குடும்பத்து பசங்க இந்த மைதானத்துக்கு எவ்வளவு பேர் வர்றாங்கன்னு நான் பாத்தவரைக்கும் பெருமையா சொல்லிக்கற அளவு இல்ல. பழங்கதை பேசற கூட்டத்துக்கு இதை ஞாபகப்படுத்தினா புடிக்காது.

மேட்ச் நாள் எப்படி இருக்கும்னா, காலையிலேர்ந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு, சின்ன டீமுங்க முதல்ல, ரிசர்வ்ஸ் அப்புறம், சீனியர்ஸ் மத்தியானம். 2017லேர்ந்து வாஃபால பொம்பளைங்களுக்கும் தனி போட்டி வந்துடுச்சு, உடனே எல்லா கிளப்புக்கும் ஒரு பிரச்சனை: டிரெஸ்ஸிங் ரூம்ல நூறு வருஷமா ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் வசதி. மைதானத்தை சுத்தி நாயோட வர்றவங்க, பிராம் தள்ளிட்டு வர்றவங்க, கையில பீர், தோள்ல குழந்தை. குவார்ட்டர் முடிஞ்சதும் வேலி தாண்டி எல்லாரும் உள்ள இறங்கிடலாம், கோச் பிளேயரை திட்டறதை அரை அடி தூரத்துல நின்னு கேக்கலாம். இந்த ஒரு அனுபவத்துக்காகவே நான் எம்சிஜி டிக்கெட்டை வேணாம்னு சொல்வேன். குழந்தைங்க பத்து பந்தை வெச்சுக்கிட்டு ஒரே கோல்போஸ்ட்ல உதைச்சுட்டு இருக்கும், சைரன் அடிச்சாத்தான் விலகும்.

இதுக்கு பின்னாடி இருக்கற வேலைய யாரும் எழுத மாட்டேங்கறாங்க. பிளேயருக்கு காசு இல்லன்னா கிளப்புக்கு செலவே இல்லன்னு நெனச்சுடாதீங்க. அம்பயர் ஃபீஸ், இன்சூரன்ஸ், கவுன்சிலுக்கு மைதான வாடகை, பந்து, லைட்டு, பிசியோ, கணுக்கால்ல சுத்தற டேப்பே ஒரு சீசனுக்கு பெட்டி பெட்டியா போகும். வரவு எங்கேர்ந்து? பக்கத்து பப், வீட்டு புரோக்கர் ஆபீஸ் ஸ்பான்சர், பார்ல விக்கற பீர், சாசேஜ், மெம்பர்ஷிப், கறித்தட்டு பரிசா வெச்சு குலுக்கல் சீட்டு. ஸ்கோர்போர்டுல நம்பர் மாத்தறது யாரோ ஒருத்தரோட அப்பா, தண்ணி பாட்டில் தூக்கிட்டு ஓடறது போன வருஷம் முட்டி போய் ஆட முடியாத பையன். கமிட்டி மீட்டிங்ல செக்ரெட்டரி வேலைக்கு ஆள் வேணும்னா எல்லாரும் தரையை பாப்பாங்க, அதுல மட்டும் நம்ம தமிழ்ச் சங்கத்துக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல.

2009ல இன்னொரு கூத்து. ஃபிட்ஸ்ராய் அமெச்சூர்ல அடி எடுத்து வெச்ச அதே வருஷம் பிரிஸ்பன் லயன்ஸ் புது லோகோன்னு ஒண்ணை காட்டினாங்க. பழைய ஃபிட்ஸ்ராய் சிங்கத்தை எடுத்துட்டு நேரா முறைக்கற ஒரு சிங்க மூஞ்சி. பேடில் பாப் ஐஸ்கிரீம் கவர்ல இருக்கற சிங்கம்னு ஜனங்க ஓட்டித் தள்ளிட்டாங்க. இணைப்பு ஒப்பந்தத்துல எங்க சிங்கத்தை எப்பவும் வெச்சுக்கறதா சொன்னீங்களேன்னு ஃபிட்ஸ்ராய் கோர்ட்டுக்கு போயிடுச்சு. நெனச்சு பாருங்க, கறித்தட்டு குலுக்கல்ல காசு தேத்தற கிளப், ஏஎஃப்எல் கிளப் மேல கேஸ் போடுது. அடுத்த வருஷம் சமரசமா முடிஞ்சுது, 2015ல பழைய சிங்கம் பிரிஸ்பன் ஜெர்சிக்கு திரும்ப வந்துடுச்சு. செத்துட்டதா சொன்ன கிளப் கேஸ் எப்படி போடும்னு அப்பவாவது கொஞ்ச பேருக்கு உறைச்சிருக்கணும்.

பிரிஸ்பன் 2001, 2002, 2003ன்னு வரிசையா மூணு கப், அப்புறம் 2024, 2025 ரெண்டு. கிராண்ட் ஃபைனல் வாரத்துல மெல்பர்ன்ல பழைய ஃபிட்ஸ்ராய் மஃப்ளரெல்லாம் பீரோவுலேர்ந்து வெளிய வருது. இதுல குடும்பத்துக்குள்ளயே ரெண்டு கட்சி. ஆபீஸ் பெரியவர் பிரிஸ்பன் மேட்சை டிவில கூட போட மாட்டார், "திருடின டீமு"ம்பார். அவர் தங்கச்சி ஒவ்வொரு கப்புக்கும் அழுதிருக்காங்க, மெம்பர்ஷிப் கூட வெச்சிருக்காங்க, கிறிஸ்மஸ் சாப்பாட்டுல இந்தப் பேச்சை எடுக்கக்கூடாதுன்னு வீட்டுல சட்டம். ஆனா சனிக்கிழமை ரெண்டு பேரும் எடின்பரோ கார்டன்ஸ்ல ஒரே பெஞ்சுலதான் உக்காந்திருப்பாங்க.

என் ஓட்டு பெரியவருக்குத்தான்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தேன். ஒரு தடவை அந்தம்மா என்னை புடிச்சு கேட்டாங்க: பிரிஸ்பனோட சேர்ந்ததாலதான் கடன்காரங்களுக்கு காசு போச்சு, கடன் தீந்ததாலதான் கம்பெனி கலையாம தப்பிச்சுது, கம்பெனி தப்பிச்சதாலதான் இந்தப் பேர்ல இங்க ஆட முடியுது, அன்னிக்கு டீமை விக்கலன்னா எங்கண்ணன் இப்ப எதை பாத்துட்டு உக்காந்திருப்பான்னு. பெரியவர்கிட்ட பதில் இருக்கும்னு திரும்பி பாத்தேன், அவர் எழுந்து நின்னு அம்பயரை திட்டிட்டிருந்தார்.